தட்டவும் வேண்டாம், தூக்கிப் போடவும் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய டிஜிட்டல் கேமராக்களுக்கு மறுபடி மவுசு வந்திருப்பது பற்றிச் சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். கட்டுரையில் குறை இல்லை. அப்பாவின் பீரோவில் கிடந்த கேமராவைக் கல்லூரிப் பிள்ளைகள் தூசு தட்டி எடுத்துக்கொண்டு அலைகிறார்கள் என்பது நிஜம்தான், என் கடைக்கே நிறையப் பேர் வருகிறார்கள். நான் எழுத வந்தது அதற்குக் கீழே கட்டம் கட்டிப் போட்டிருந்த குறிப்பைப் பற்றி. திரையில் ‘லென்ஸ் எரர்’ என்று வந்தால் கேமராவை உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டிப் பார்க்க வேண்டும், அப்படியும் சரியாகவில்லை என்றால் ஆயுள் முடிந்தது, மின்கழிவில் சேர்த்துவிடலாம் என்று போட்டிருந்தீர்கள். திண்டுக்கல்லில் கேமரா பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். யாஷிகா, ஹாட் ஷாட் என்று ஃபிலிம் கேமராக்கள் ஓடிய காலத்திலிருந்து இதுதான் பிழைப்பு. அந்த இரண்டு யோசனையும் தப்பு என்று சொல்லவே இந்தக் கடிதம். ஒன்று நல்ல கேமராவைக் கெடுக்கும், இன்னொன்று புது செல் போட்டாலே ஓடியிருக்கக்கூடிய கேமராவைக் குப்பைக்கு அனுப்பும்.

அந்த எரர் எதனால் வருகிறது என்பதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். பவர் பொத்தானை அழுத்தியதும் உள்ளே ஒரு குட்டி மோட்டார் சுற்றும். நாலைந்து பிளாஸ்டிக் கியர்கள் வழியாக அந்தச் சுழற்சி லென்ஸ் பேரலுக்குப் போய்ச் சேரும். பேரல் என்பது ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய இரண்டு மூன்று குழாய்கள். ஒவ்வொரு குழாயிலும் பெரும்பாலும் மூன்று சின்ன முளைகள் இருக்கும். அவை அடுத்த குழாயில் சாய்வாக வெட்டியிருக்கும் பள்ளத்தில் ஓடும். குழாய் திரும்ப, முளை பள்ளத்தில் ஏற, லென்ஸ் வெளியே வரும். எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதைக் கேமரா கண்ணால் பார்ப்பதில்லை, எண்ணித்தான் தெரிந்துகொள்கிறது. மோட்டாரோடு சுற்றும் சிறு சக்கரத்தின் இதழ்கள் ஒரு விளக்கை மறைத்து மறைத்து விடும். எதிரே இருக்கும் சென்சார் அந்த மறைப்புகளைக் கணக்கு வைத்துக்கொள்ளும். குறித்த நேரத்துக்குள் எண்ணிக்கை சேரவில்லை என்றால், மோட்டார் கருகிவிடக் கூடாதே என்று கரண்டை நிறுத்திவிட்டு, எரர் என்று எழுதிவிட்டு அணைந்துவிடும். சில கம்பெனி கேமராக்களில் ஈ18 என்று வரும், சிலவற்றில் ஆஃப் செய்து ஆன் செய் என்று மட்டும் வரும். எண்ணிக்கை ஏன் சேரவில்லை என்பது கேமராவுக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க வேண்டியது நாம்தான்.

முதலில் பார்க்க வேண்டியது செல். நிறையக் கேஸ் இங்கேயே முடிந்துவிடும். டபுள் ஏ செல் போடும் கேமராவில், கடிகாரத்துக்கும் டிவி ரிமோட்டுக்கும் போடும் மலிவு செல்லைப் போட்டுவிட்டு வருவார்கள். அந்த செல்லிலும் 1.5 வோல்ட் என்றுதான் அச்சடித்திருக்கும். ஆனால் மோட்டார் இழுக்கிற கரண்டை அதனால் கொடுக்க முடியாது. திரை எரியும், மெனு வரும், பழைய படங்களைக்கூட ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். லென்ஸ் கிளம்பியதும் வோல்ட் சரிந்து பாதியில் நின்றுவிடும். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லில் 1.2 வோல்ட் என்று போட்டிருப்பதைப் பார்த்து, குறைச்சலாக இருக்கிறதே என்று ஒதுக்கிவிடாதீர்கள். கேட்கிற நேரத்தில் கரண்டை அள்ளிக் கொடுப்பது அதுதான். லித்தியம் பேட்டரி போடும் மாடல் என்றால், வருடக்கணக்காகப் பீரோவில் கிடந்த பேட்டரிக்கு சார்ஜர் பச்சை விளக்கு காட்டினாலும் உள்ளே தெம்பு இருக்காது. பேட்டரி உப்பிப்போய் வெளியே வராமல் சிக்கியிருந்தால் கத்தியை விட்டு நெம்ப வேண்டாம், கடைக்குக் கொண்டுபோய்விடுங்கள். அப்புறம் பேட்டரி மூடியின் கொக்கி. நகத்தளவு பிளாஸ்டிக், உடைந்திருப்பதே கண்ணுக்குத் தெரியாது. மூடியைக் கட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆன் செய்து பாருங்கள். லென்ஸ் ஒழுங்காக வந்தால் பழுது மூடியில், லென்ஸில் இல்லை. செல் கசிந்து தகட்டில் வெள்ளையாகப் பூத்திருந்தால் பட்ஸில் ஒரு சொட்டு வினிகர் தொட்டுத் துடைத்து, அப்புறம் நன்றாகக் காயவிட்டால் போதும்.

போன மாதம் வத்தலக்குண்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். கல்லூரியில் இரண்டாம் வருடம். கையில் வெள்ளி நிறக் கேமரா, லென்ஸ் பாதி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

“செல் மாத்திப் பாத்தியாம்மா?”

“புது செல்தான் அங்கிள். வீட்டுக் கடிகாரத்துக்கு வாங்கி வெச்சிருந்தது.”

“தட்டினியா?”

“பேப்பர்ல போட்டிருந்தாங்களே. டேபிள்ல லேசாத்தான் தட்டினேன்.”

டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்குழாய்க்கும் வெளிக்குழாய்க்கும் நடுவே சுற்றிலும் ஒரே அளவில் இடைவெளி இருக்க வேண்டும். இடது பக்கம் காகிதம் நுழையாது, வலது பக்கம் விரல் நகமே நுழையும். ஒரு முளை பள்ளத்தை விட்டுக் கழன்று குழாய் சாய்ந்திருந்தது. ஒரு சக்கரம் மண்ணில் இறங்கிய தேரை எத்தனை பேர் வடம் பிடித்தாலும் நகர்த்த முடியாது, இதுவும் அந்தக் கதைதான். நல்ல செல் இரண்டு போட்டு, பவரை அழுத்தி, மோட்டார் திருப்புகிற அந்த நேரத்தில் வலது ஓரத்தைக் கட்டை விரலால் மெல்ல உள்ளே அழுத்தினேன். கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு ‘டக்’ என்று உட்கார்ந்தது. லென்ஸ் முழுசாக வெளியே வந்து ஃபோகஸ் பிடித்தது. அந்தப் பெண் கொண்டுவந்த கடிகார செல்லையே திரும்பப் போட்டுக் காட்டினேன், மறுபடி பாதியில் நின்றது. ஆக, ஆரம்பத்தில் இருந்த பழுது செல் மட்டும்தான். முளை கழன்றது தட்டியதால் வந்தது. நல்லவேளையாகத் திரும்ப உட்கார்ந்துவிட்டது. முளையே முறிந்திருந்தால் அதற்கு உதிரிக்கு எங்கே போவது?

தட்டினால் சில சமயம் ஓடத்தான் செய்கிறது, அதை மறுக்கவில்லை. பள்ளத்தில் சிக்கிய மணல் துகள் இடம் பெயர்ந்திருக்கும். ஆனால் அது வெளியே போயிருக்காது. அடுத்த பள்ளத்திலோ கியர் பல்லுக்கு நடுவிலோ போய் உட்கார்ந்திருக்கும். சில நாள் ஓடிவிட்டு மறுபடி நிற்கும். இந்தத் தடவை பல்லையும் தேய்த்துவிட்டு நிற்கும்.

எங்கே கோளாறு என்பதை ஸ்க்ரூடிரைவரை எடுக்காமலே ஓரளவு சொல்லிவிடலாம், காது போதும். ஃபேனை நிறுத்திவிட்டு, கேமராவைக் காதோரம் வைத்து ஆன் செய்யுங்கள். திரை எரிந்தும் ஒரு சத்தமும் இல்லை என்றால் மோட்டாருக்குக் கரண்ட் போகவில்லை. அநேகமாக உள்ளே பட்டையாகப் போகும் மெல்லிய ஒயர், அதாவது ரிப்பன் கேபிள், விட்டிருக்கும், அல்லது மோட்டாரே போயிருக்கும். ‘விர்ர்’ என்று சுற்றுகிறது, லென்ஸ் அசையவில்லை என்றால் கியர் பல் போய்விட்டது. கொஞ்சம் நகர்ந்து, ‘டக்’ என்று நின்று, திரும்ப முயன்று, மறுபடி அதே இடத்தில் நின்றால் ஏதோ தடுக்கிறது: மணல், சாய்ந்த குழாய், இல்லையென்றால் லென்ஸை மூடும் இதழ் மடங்கியிருக்கும். முழுசாக வெளியே வந்து, உள்ளே ஏதோ ‘டிக் டிக்’ என்று தேடிவிட்டுத் திரும்ப உள்ளே போனால் பேரல் நன்றாக இருக்கிறது, ஃபோகஸ் நகர்த்தும் பகுதியில்தான் கோளாறு. சோனியில் ஈ:61:00 என்று காட்டுவது இந்த ஃபோகஸ் கேஸ்தான். சத்தம் எல்லாமே சோம்பலாக, இழுத்து இழுத்து வந்தால் மறுபடி செல்லைப் பாருங்கள்.

மணல் என்று தெரிந்தால் லென்ஸ் தரையைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, கையால் அமுக்கும் ரப்பர் ப்ளோயரால் இடைவெளியைச் சுற்றி ஊத வேண்டும். கெட்டியான காகிதத்தை மெல்லிய கீற்றாக வெட்டி அந்த இடைவெளியில் சுற்றி இழுத்தால் ஓரளவு வெளியே வரும். வாயால் ஊதினால் எச்சில்தான் தெறிக்கும். பஞ்சர் கடைக்குப் போய்க் காற்று அடித்துக்கொண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கம்ப்ரசர் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும், வருகிற வேகத்தில் மணலை இன்னும் ஆழத்துக்குத் தள்ளும். ஈரம் போக வேண்டும் என்று அரிசி டப்பாவில் புதைத்து வைக்கிற பழக்கம் ஒன்று இருக்கிறது. அரிசித் தவிடும் தூசும் பள்ளத்துக்குள் போய் ஈரத்தோடு பசையாகிவிடும், அதைச் சுரண்டி எடுப்பதற்குள் கண் பூத்துப் போகும். லென்ஸ் இறுகிவிட்டது என்று தையல் மெஷின் எண்ணெய் விட்டுக்கொண்டு வந்தவரும் உண்டு. அந்த எண்ணெய் குழாயோடு நிற்காமல் வழிந்து, வெளிச்சத்தை மூடித் திறக்கும் ஷட்டர் இதழ்வரை போயிருந்தது.

ஷட்டர் என்றதும் ஞாபகம் வருகிறது, உங்கள் குறிப்பில் இது வரவே இல்லை. லென்ஸ் நன்றாக வரும், எரர் எதுவும் இருக்காது, ஆனால் திரை கறுப்பாக இருக்கும். திரை போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். மெனு எழுத்து தெரிகிறதா, கார்டில் இருக்கும் பழைய படம் தெரிகிறதா என்று பாருங்கள். இரண்டும் தெரிந்தால் திரைக்கு ஒன்றும் இல்லை. உள்ளே மெல்லிய இதழ்கள் இரண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மூடியபடி நின்றுவிட்டன. திறந்தபடி நின்றுவிட்டால் நேர் எதிராக, வீட்டுக்குள் எடுக்கிற படம் ஏதோ சுமாராக வரும், வெயிலில் எடுத்தால் வெளுத்துப் போய்க் கோடு கோடாக வரும். லென்ஸை முகத்துக்கு நேரே திருப்பி, டார்ச் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். உள்ளே கறுப்பாக எதுவும் மூடித் திறக்கவில்லை என்றால் கேஸ் இதுதான். கழற்றி, ஆல்கஹால் தொட்டு இதழைத் துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத பழுது ஒன்று இருக்கிறது. படம் ஊதா நிறத்தில், நெளிந்து, வரிவரியாக வருகிறது, வீட்டுக்குள்ளும் அப்படியே வருகிறது என்றால் பழுது படத்தைப் பதிவு செய்யும் சென்சாரில். 2005 அக்டோபரில் பெரிதாகப் பேசப்பட்ட விவகாரம் இது. சோனி தயாரித்த சிசிடி சென்சார்களில் ஒரு பகுதி, வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடங்களில் உள்ளிணைப்பு விட்டுப் போயின. அந்த சென்சாரை வாங்கிப் பொருத்திய கேனான், நிக்கான், ஃபியூஜி என்று பல கம்பெனிக் கேமராக்களும் மாட்டிக்கொண்டன. கம்பெனிகள் ஒப்புக்கொண்டு இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள். இன்றைக்கு அந்தச் சலுகை கிடையாது. இந்தப் பழுதோடு ஒரு கேமரா வந்தால் நானே திருப்பி அனுப்பிவிடுவேன்.

யூடியூப் பார்த்து வீட்டிலேயே கழற்றுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், இதையாவது தயவுசெய்து உங்கள் பத்திரிகையில் கட்டம் கட்டிப் போடுங்கள். ஃபிளாஷுக்காக மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெபாசிட்டர் ஒன்று உள்ளே இருக்கிறது. அதில் சுமார் 300 வோல்ட் ஏறி நிற்கும். பேட்டரியை எடுத்துவிட்டோமே என்று நினைக்காதீர்கள், எடுத்த பிறகும் சார்ஜ் தங்கியிருக்கும். கேமரா ஓடுவது இரண்டு செல்லில்தானே என்ற தைரியத்தில் கையை விட்டால் தூக்கி அடிக்கும். ஸ்க்ரூடிரைவர் முனையால் இரண்டு காலையும் தொட்டு ஷார்ட் செய்வதை ஒரு வீடியோவில் பார்த்தேன். பொறி பறந்து போர்டு போகும், முனை உருகும். நாங்கள் ரெசிஸ்டர் வைத்து அந்தச் சார்ஜை மெதுவாக இறக்கி, மீட்டரில் பார்த்த பிறகுதான் மற்ற ஸ்க்ரூவையே தொடுவோம். அந்தப் பழக்கம் இல்லாதவர்கள் மூடியைத் திறக்காமல் இருப்பதே மேல்.

லென்ஸைக் கழற்றி மாட்டுகிற பெரிய கேமரா, அதாவது டிஎஸ்எல்ஆர், வேறு சமாச்சாரம். அதில் ஒன்றிரண்டு மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். கேனானில் எரர் 01 என்று வந்தால் லென்ஸும் பாடியும் பேசிக்கொள்ளவில்லை என்று அர்த்தம். இரண்டிலும் இருக்கும் தங்க நிறப் புள்ளிகளைச் சுத்தமான பருத்தித் துணியால் துடைத்தாலே பலது சரியாகும். எரர் 30 ஷட்டர் பழுது, அது துணிக்கு மசியாது. நிக்கானில் பழைய டி வகை லென்ஸ் மாட்டியதும் எஃப்இஇ என்று காட்டுவது பழுதே இல்லை, லென்ஸில் இருக்கும் வளையத்தைக் கடைசி எண்ணுக்குத் திருப்பிப் பூட்ட வேண்டும், அவ்வளவுதான். முகூர்த்த நேரத்தில் இந்த எழுத்தைப் பார்த்து வியர்த்து விறுவிறுத்து மண்டபத்திலிருந்து போன் செய்யும் தம்பிகள் இன்றும் இருக்கிறார்கள். கேனான் 5டி முதல் மாடலில் உள்கண்ணாடி பசை விட்டுக் கழன்று விழுந்த கதையும் தெரிந்ததுதான். அந்தக் கம்பெனியே அதை இலவசமாக ஒட்டிக் கொடுத்தது.

என் ஆதங்கம் உதிரிப் பொருளைப் பற்றியது. ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர் சங்கக் கணக்குப்படி 2010-இல் மட்டும் உலகம் முழுக்க 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் கேமராக்கள் விற்பனைக்குப் போயின. 2023-இல் அது 80 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. இன்றைக்குப் பீரோக்களிலிருந்து வெளியே வருவதெல்லாம் அந்தப் பெரிய காலத்துச் சரக்கு. அதற்கான கியரோ ரிப்பனோ எந்த சர்வீஸ் சென்டரிலும் கிடையாது. கேட்டால் “மாடல் நின்னு போச்சு சார்” என்பார்கள். ரிப்பன் ஒன்று வேண்டுமென்றால் அதே மாடலில் செத்த கேமரா ஒன்றைத் தேடிப் பிடித்து அதிலிருந்து உருவ வேண்டியிருக்கிறது. என் மேஜைக்கு அடியில் ஒரு பெட்டி நிறைய அப்படிப்பட்டவைதான் கிடக்கின்றன. மின்கழிவில் சேருங்கள் என்று நீங்கள் எழுதும்போது எனக்கு வயிறு எரிவது இதனால்தான். ஓடாத கேமராகூட இன்னொரு கேமராவை ஓட வைக்கும். தூக்கிப் போடத்தான் போகிறோம் என்றால் உள்ளூர் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடலாமே. 2022 டிசம்பரில் மத்திய அரசின் நுகர்வோர் துறை, பழுதுபார்க்கும் உரிமை என்று ஓர் இணையதளமே தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் உற்பத்தி நின்றுபோன மாடலுக்கு உதிரியும் சர்க்யூட் படமும் எங்கள் மாதிரிச் சின்னக் கடைக்காரர்களுக்குக் கிடைக்க யார் வழி செய்யப்போகிறார்கள்? உங்கள் நிருபர்கள் அதைக் கேட்டு எழுதலாம்.

எல்லாக் கேமராவும் பிழைக்கும் என்று நான் சொல்லவில்லை. கடல் தண்ணீரில் விழுந்ததை விட்டுவிடுங்கள். அன்றைக்குத் துடைத்து ஓட வைத்தாலும் உப்பு உள்ளேயிருந்து அரித்துக்கொண்டே வரும். கியர் பல் போய், அதே மாடலில் இன்னொன்று கிடைக்காவிட்டால் அதையும் விட்டுவிட வேண்டியதுதான். கூலி கேமராவின் விலையைத் தாண்டும் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுகிற மெக்கானிக்கிடம் போங்கள்.

பழைய கேமராவை ஆன்லைனில் வாங்குகிற பிள்ளைகளுக்காக இன்னொன்று. ‘செக் செய்யவில்லை, உள்ளது உள்ளபடி’ என்று போட்டு விற்பது, பெரும்பாலும் செக் செய்து பார்த்து ஓடாததுதான். விற்பவரிடம் ஒரு வீடியோ கேளுங்கள். நல்ல செல் போட்டு, ஆன் செய்து, லென்ஸ் வெளியே வந்து, ஜூம் முழுக்கப் போய்த் திரும்பி, ஒரு படம் எடுத்து, ஆஃப் செய்ததும் உள்ளே போய் மூடுகிறவரை வெட்டாமல் எடுத்திருக்க வேண்டும். ஒலியை எடுத்துவிட்டோ, பின்னால் பாட்டுப் போட்டோ அனுப்பினால் அந்தக் கேமராவை வாங்க வேண்டாம்.

இப்படிக்கு,
கேமரா மெக்கானிக் ஒருவர்,
திண்டுக்கல்.